தாய்மாமன் சீரில் ஒரு மடக்கு நாற்காலி

தங்கை மகளின் காதுகுத்துக்கு, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய இரும்பு நாற்காலியைத் தாய்மாமன் சீராகக் கொண்டுபோய் வைத்தவன் நான். படித்தவன், ஐம்பதைத் தாண்டியவன், அன்றைக்குக் குடித்திருக்கவும் இல்லை.

குழந்தைகளுக்கான மடக்கு நாற்காலி அது. வளைத்த குழாய், தகர இருக்கை, முதுகில் குடை பிடித்த வாத்து. எங்கள் சின்ன வயதில் ஏதோ ஒரு தொழிற்சாலை ஒரே அச்சில் அடித்து அடித்துத் தள்ளியது. வீட்டுக்கு வீடு அதே வாத்துதான். கடையில் பார்த்ததும், எங்கள் வீட்டு நாற்காலியே திரும்பி வந்ததுபோல நெஞ்சை அடைத்தது. இந்த வயதில் நெஞ்சை அடைத்தால் டாக்டரிடம் போக வேண்டும். நான் பர்ஸை எடுத்தேன்.

அவிநாசி மண்டபத்தில் சீர்த்தட்டுகளைப் பரப்பினோம். பட்டு, வளையல், பழம், கோபுரமாக அடுக்கிய சாக்லேட். கடைசியில், எவ்வளவு சுரண்டியும் துருப் போகாத வாத்து. தங்கை என் காதோரம் வந்தாள்.

"ஏனுங்ண்ணா, புதுசு ஒண்ணு கெடைக்கலீங்களா? பொறந்த ஊட்டுச் சீரைப் பாக்கறதுக்குன்னே எங்க மாமியா காலைல இருந்து கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கறாங்க."

கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. அத்தனை வருடமும் அந்த வீட்டில் அவள் கேட்ட பேச்சுக்கெல்லாம் இந்தத் தட்டுகள்தான் பதில் சொல்ல வேண்டும். அது தெரிந்தும் வாத்தைக் கொண்டுவந்திருந்தேன்.

மாமியார் எழுந்தே வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, இது சீருங்களா, மண்டபத்துச் சாமானுங்களா?"

"எங்கூட்டுச் சேருங்க. உங்க மருமக உக்காந்து வளந்ததுங்க."

ஒரே அச்சில் வந்ததில் எது எங்களுடையது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மாமியார் முகம் இளகியது. "அம்மாக்காரி உக்காந்ததுங்களா! அப்படிச் சொல்லுங்க" என்று சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அதற்குள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இறங்க மாட்டேன் என்றது. காது குத்துவதோ தாய்மாமன் மடியில். நல்ல நேரம் முடியப்போகிறது. காது குத்த வந்த ஆசாரி பொறுமையிழந்தார்.

"சேரோடவே தூக்கி மடில வெச்சுக்கங்க. எனக்கு இன்னொரு எடத்துக்குப் போகோணும்."

வைத்துக்கொண்டேன். நான்கு கால்களும் தொடையில் பதிந்தன. ஊசி இறங்கிய நேரம் பார்த்து நாற்காலி லேசாக மடங்கி என் விரலைக் கவ்வியது. மண்டபம் கேட்ட அலறல் குழந்தையுடையது அல்ல. இன்னொரு காது பாக்கியிருந்தது.

ஆனாலும் வழியனுப்பும்போது தங்கையின் முகம் தெளிந்திருந்தது. வீங்கிய விரலோடு கோவைக்கு வண்டி ஓட்டினேன். நாள் முழுக்கக் கும்பிட்டதில் தோள் விட்டுப்போயிருந்தது. மண்டபத்தில் வாயே திறக்காத அம்மா பின் சீட்டில் கால் நீட்டியிருந்தார்.

"நம்மூட்டுச் சேர்ன்னதும் அந்தம்மா அடங்கிட்டாங்க, பாத்தீங்களாம்மா?"

அம்மா கொட்டாவி விட்டார்.

"நம்மூட்ல ஏது கண்ணு மடக்குச் சேரு? அது எதுத்த ஊட்டுப் பையனுது. நீ போயி உக்காந்துக்குவ, எந்திரிக்கவே மாட்ட. பொழுதானா அவங்கதான் சேரோட தூக்கியாந்து நம்ம வாசல்ல உன்னையக் கொட்டிப்போட்டுப் போவாங்க."