ஒரு விரலால் திறக்கும் டிராயர்

என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். முப்பது வருஷமாகக் காஞ்சிபுரத்தில் தச்சு வேலை செய்கிறேன். பட்டுக் கடைக்கு அலமாரியோ, வீட்டுக்குச் சமையலறையோ, நான் பூட்டிய டிராயர் ஆடாது, முனகாது. அந்தத் திமிரில்தான் என் மனைவிக்குப் பெரிய கெடுதல் செய்தேன். கொடுமை என்னவென்றால், செய்துகொண்டிருந்த நாளெல்லாம் அவளுக்கு நல்லது செய்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் குஞ்சம் கட்டுபவள். பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்து நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிற வேலை. கடைகளிலிருந்து புடவைகள் வீட்டுக்கு வரும், முடித்ததும் ஆள் வந்து எடுத்துப் போவான். கல்யாண சீசனில் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு கடைப் புடவை இன்னொரு கடைப் புடவையோடு கலந்துவிடக் கூடாதென்று, ஆறு டிராயர் வைத்து ஒரு அலமாரி செய்துதரச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளாக வாய்திறந்து என்னிடம் கேட்ட முதல் மரச்சாமான் அதுதான்.

அப்போதே அவளுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்பது, பத்து மணிக்கு விரல்கள் கொஞ்சம் இளகும். அதன்பிறகு அவள் போடுகிற முடிச்சைப் பார்த்தால் கையில் நோவு இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

"முடிச்சு போடறதுக்கு பலம் வேணாங்க, பக்குவம் தெரிஞ்சா போதும்" என்பாள். "இதயும் வுட்டுட்டேன்னா நான் சும்மா குந்திக்கினு சோறு துன்றவளா ஆயிடுவேன்."

அதுதான் அவளுடைய ஒரே பயம். எனக்கும் தெரியும். தெரிந்திருந்துமா இப்படிச் செய்தேன் என்றுதான் இன்றைக்கும் மனசு கேட்கிறது.

டிராயர் ஓடுகிற இரும்புப் பட்டையை நாங்கள் சேனல் என்போம். எத்தனை அங்குல ஆழம், எத்தனை கிலோ தாங்கும், முழுக்க வெளியே வருமா, முக்கால்வாசிதான் வருமா என்று பார்த்து வாங்க வேண்டும். டிராயருக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் நாலு நூல், அதாவது அரை அங்குலம், இடம் விட வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் பிடிக்கும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹார்டுவேர் கடை பாய், அன்றைக்கு நான் சாஃப்ட் க்ளோஸ் சேனல் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தினி கிலோ தாங்கும்னு எல்லாரும் கேக்குறாங்க ஆசாரி. யாரு இழுக்கப் போறாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. இது யாருக்கு?"

"என் வூட்டம்மாவுக்கு."

"அப்ப சாதா பால் பேரிங் சேனல் எடுத்துக்கினு போங்க, இழுத்தா லேசா வரும். சாஃப்ட் க்ளோஸ் மூடும்போது நல்லா மெதுவா மூடும். ஆனா தெறக்கும்போது மொத இழுப்புல ஸ்பிரிங்கையும் சேத்து இழுக்கணும். கைல பலம் வேணும்."

"இன்னா பாய், ஷோரூமுக்கெல்லாம் சாஃப்ட் க்ளோஸ் போட்டுட்டு என் வூட்டுக்கு சாதா சாமானா?"

"உங்க இஷ்டம்பா" என்று அவர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டார்.

மனைவிக்காக உயர்ந்த சாமான் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அந்த அலமாரியை என் வேலைக்குச் சாம்பிளாகக் காட்ட நினைத்திருந்தேன். வேலை கொடுக்க வருகிறவர்களை வீட்டுக்கு அழைத்து வந்து, டிராயரைத் தள்ளிவிட்டு, அது கடைசி இரண்டு அங்குலத்தில் நின்று நிதானித்து மூடுவதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வேறு ஊர்த் தச்சன் எவனும் செய்யாத இன்னொரு காரியமும் செய்தேன். புதுச் சேனல் தடையில்லாமல் ஓட வேண்டுமென்று கிரீஸ் தடவித்தான் வரும். எங்கள் ஊரில் எண்ணெய் என்றாலே பதறுவோம், பட்டில் ஒரு சொட்டு பட்டால் புடவையே போச்சு. கைகழுவாமல் புடவையைத் தொட்டால் குழந்தைக்குக்கூட அடி விழும். பட்டு வைக்கிற டிராயர் என்றால் சேனலைப் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டுத்தான் பூட்டுவேன். கடைக்காரர்களே அப்படித்தான் கேட்பார்கள். பன்னிரண்டு சேனலையும் உட்கார்ந்து ஒரு பிசுக்கு இல்லாமல் துடைத்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைகள் துணிப்பைக்குள்தானே இருக்கப்போகின்றன என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். "கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க" என்றாள்.

"இன்னாடி கெட்டி?" என்று ஆள்காட்டி விரலை மட்டும் கைப்பிடியில் கொக்கியாக மாட்டி இழுத்துக் காட்டினேன். உளி பிடித்துக் காய்த்துப்போன விரல். டிராயர் வந்தது. "பாத்தியா? ஒரு வெரல்ல வருது."

இன்னொரு முறை சொன்னாள். இன்னொரு முறை இழுத்துக் காட்டினேன். அப்புறம் அவள் சொல்லவேயில்லை.

அதற்குப் பிறகு டிராயர்கள் பாதி திறந்தபடியே கிடக்கத் தொடங்கின. வேலை முடிந்து வந்தால் எனக்கு எரிச்சல் மண்டும். "தூசி வுழாதா? கடைக்காரன் பொடவடி!" என்று கத்திக்கொண்டே காலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். ஆறும் சத்தமே இல்லாமல் மூடிக்கொள்ளும். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பார்த்தால், ஆறு கைப்பிடியிலும் மிச்சப் பட்டு நூலை முறுக்கி பெரிய பெரிய வளையமாகக் கட்டி வைத்திருந்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. முடிச்செல்லாம் அவள் குஞ்சத்துக்குப் போடுகிற அதே முடிச்சு. அன்றைக்கென்று ஓரிக்கையிலிருந்து ஒருவரை அலமாரி காட்ட அழைத்து வந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னா ஆசாரி, மாட்டுக்குக் கயிறு கட்டுனாப்புல இருக்குதே" என்றார். அவர் போனதும் கத்தரிக்கோலை எடுத்து ஆறையும் வெட்டிப் போட்டேன். "என் மானத்த வாங்குறதுக்குன்னே பண்ணுவியா?" என்று கேட்டேன். அவள் குனிந்து, வெட்டிய நூலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கடுத்த கல்யாண சீசனுக்குள் புடவை வருவது குறைந்து நின்றே போனது. "கண்ணு சரியா தெரியலங்க, நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள். நம்பினேன். ரெஸ்ட் எடுக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, முசரவாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பரண் பூட்டும்போது ஸ்டூல் சரிந்து விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது கை சூம்பிப்போயிருந்தது. எதையாவது பிடித்து இழுத்துப் பழகுங்கள் என்று பிசியோதெரபிக்காரர் சொன்னார். மறுநாள் பதினோரு மணி இருக்கும். அவள் சமையலறையில் இருந்தாள். கூடத்து அலமாரி எதிரிலேயே இருந்தது. போய் அதே ஆள்காட்டி விரலை மாட்டி இழுத்தேன்.

வரவில்லை.

நாலு விரலையும் போட்டு இழுத்தேன். மணிக்கட்டில் சுரீரென்று வலி ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டிராயர் இம்மியும் அசையவில்லை. அவசரத்தில் இடது கையால் இழுத்தேன், வந்தது. எனக்கு இன்னொரு கை இருந்தது. அவளுக்கு இரண்டு கையும் இப்படித்தான். வளையத்துக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்திருக்கிறாள். நான் அதையும் வெட்டிப் போட்டிருக்கிறேன். அட பாவி, எத்தனை நாள் காலால் உதைத்து மூடினேன்!

சமையலறை வாசலில் போய் நின்றேன். "கண்ணு தெரியலன்னு சொன்னது நெசமா?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், திறந்து கிடந்த டிராயரைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"கடை ஆளு வந்து நின்னுக்கினு இருந்தாரு. முகூர்த்தப் பொடவ, அன்னிக்கே வேணும்னாங்க. நான் கட்டி முடிச்சு உள்ள வெச்சிருந்தேன். நீங்க காலைல மூடிட்டுப் போயிட்டீங்க. என்னால தெறக்க முடியல. பக்கத்து வூட்லயும் யாரும் இல்ல. அவரையே தெறக்கச் சொன்னேன். அவரு கடைல போயி, அக்காவுக்கு ஒரு டிராயர்கூட தெறக்க முடியல, பட்ட எப்படிக் குடுக்கறதுன்னு சொல்லிட்டாரு. அப்புறம் அந்தக் கடையும் குடுக்கல, வேற கடையும் குடுக்கல."

"எங்கிட்ட சொல்றதுக்கின்னா?"

"சொன்னேங்க. ரெண்டு தபா சொன்னேன்."

அன்றைக்கு நான் அழுதேன். அவள் அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாளே பாய் கடைக்குப் போய்ச் சாதா பால் பேரிங் சேனல் ஆறு ஜோடி கேட்டேன். பாய் என் கையைப் பார்த்தார், பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பாதி இடது கையால்தான் பூட்டினேன், நாலு நாள் ஆனது. இந்தத் தடவை கிரீஸைத் துடைக்கவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். விரல்கள் அதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணியிருந்தன, நூல் பிடிக்க வராது. சுண்டுவிரலை மாட்டி மேல் டிராயரை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே நான் முதன்முதலில் விரித்த பேப்பர்தான் இருந்தது. அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். ஆறையும் திறந்து ஆறையும் மூடினாள்.

"நல்லா வருதுங்க" என்றாள். கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "எனக்கு வந்துக்கினு இருந்த பொடவைக்கெல்லாம் இப்ப திருப்பருத்திக்குன்றத்துல ஒரு பொண்ணு குஞ்சம் கட்டுதாம். இந்த அலமாரிய அதுக்குக் குடுத்துடுங்க. இங்க வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள்.

மறுநாள் அலமாரியைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு அவள் வாசல்வரை வந்தாள். "கயிறு போட்டு நல்லா இறுக்கிக் கட்டுங்க, வண்டி ஆட்டத்துல தானா தெறந்துக்கப் போவுது" என்றாள். முடிச்சை நான்தான் போட்டேன்.