மூன்றாவது பாட்டில் நாலு வரி

ஒலிப்பதிவு என்றால் பாட்டைப் பிடித்து வைக்கிற வேலை என்று வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காது தேய்ந்தவர்களுக்குத்தான் தெரியும், அது பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியே துரத்துகிற வேலை. ஃபேன் சத்தம், குக்கர் விசில், பக்கத்து மனையில் போர் போடுகிற சத்தம், தலைக்கு மேலே சுற்றுகிற பயிற்சி விமானம், எதுவும் உள்ளே வரக் கூடாது. சேலையூரில் ஒரு வீட்டு மாடியில் பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். தவக்காலப் பாடல், ஆடி மாதத்து அம்மன் பாட்டு, முடிச்சூர் மனை விற்கிற விளம்பரம் எல்லாம் பார்த்தாயிற்று. போன கோடையில் மூன்று பெண்கள் நடன ஆல்பம் எடுக்கவேண்டும் என்று வந்து நின்றார்கள். அந்தக் கதையை, என்னைப்போலவே இந்த ஒலிப்பதிவுத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

கால் சத்தம்

குழுவின் பெயர் முச்சந்தி. பிரின்சி, கேம்ப் ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டுப் பெண். சர்ச் கொயரில் வளர்ந்த குரல், தட்டினால் சரியான சுருதியில்தான் விழும். அனிதா, காட்டாங்குளத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறவள்; ஆறு பாட்டுக்கும் மெட்டும் தாளமும் அவள் லேப்டாப்பில் பிறந்தவை. மூன்றாவது ஆள் தேவி, பெரும்பாக்கம் குடியிருப்பு. கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் நின்று ஆறு வருஷமாக ஆடிக்கொண்டிருப்பவள்.

முதல் நாளே, ஆடிக்கொண்டுதான் பாடுவோம் என்றார்கள். என் மைக் பக்கத்து அறையில் பேனா விழுந்தாலும் பிடிக்கும், அதற்கு முன்னால் நின்று குதிப்பார்களாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆடுவதானால் மொட்டை மாடிக்குப் போங்கள் என்று கத்திவிட்டேன். பிரின்சியும் அனிதாவும் அடங்கி நின்று பாடிக் கொடுத்தார்கள். தேவி நின்று பாடினபோது பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி ஒப்பிப்பதுபோல இருந்தது. நாலு தடவை எடுத்தும் அதேதான். என்னம்மா இது என்றேன். அவள் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "கால கட்டிப் போட்டா எனக்கு வாயே வராதுக்கா."

வீட்டுக்காரருக்கு வந்த சந்தேகம்

மறுநாள் என் வீட்டுக் கட்டிலிலிருந்து மெத்தையை உருவிக்கொண்டு வந்து பாடுகிற அறையில் விரித்தேன். கொலுசு, வளையல் எல்லாம் கழற்றி மேசையில். வெறுங்காலோடு மெத்தையில் ஏறி ஆடு, ஆனால் மைக்கிலிருந்து முகத்தை எடுக்காதே என்றேன். ஃபேன் கிடையாது, மே மாதம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து மூவரும் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் தேவிக்குக் குரல் வந்தது. கரகரப்பான குரல்தான், இருந்தாலும் அதில் ஆள் இருந்தாள்.

கீழ் வீட்டில் குடியிருக்கிற வீட்டுக்காரர் நல்ல மனிதர். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சத்தம் என்று சொன்னதில்லை. அன்று சாயங்காலம் படியேறி வந்து, கதவுக்கு வெளியே நின்று, மெத்தையைப் பார்த்து, மூன்று பெண்களையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாட்டெல்லாம் சரிம்மா, மேல யாரு மாவு இடிக்கிறது?"

எட்டாவது மாடி

ஆல்பத்தில் தேவி தனியாகப் பாடுவது மூன்றாவது பாட்டில் நாலே வரி. அவளே எழுதியது. வீட்டுக்குள் கையை நீட்டினால் சுவர் இடிக்கும், ஆடிப் பழக இடமில்லை என்று அவள் லிஃப்டில் ஏறுவதில்லை. எட்டு மாடியும் படியில் ஏறி, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கொஞ்சம் ஆடிப் பழகுவாள். அதைத்தான் எழுதியிருந்தாள்: "லிஃப்டு உனக்கு, படி எனக்கு, எட்டு மாடி ஆட்டம், மூச்சு வாங்க நின்னாலும் நிக்காதுடி தாளம்." இப்படி இன்னும் இரண்டு வரி.

ஏன் இந்த நாலு வரிக்கு இத்தனை பாடு, பிரின்சி பாடினால் அரை மணியில் முடியுமே என்று ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டேன். தேவியின் அம்மா செல்வி ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். மகள் பாடுகிறாள் என்று சொன்னால் அந்த அம்மாள் சிரிக்கிறாராம். பொண்ணு ஆடும், பாட்டெல்லாம் முன்னாடி நிற்கிறவங்க பாடுவாங்க என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாராம். தேவி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஊரு நம்பலன்னா போவுதுக்கா. ஒரு தபா எங்கம்மா காதுல என் குரல் வுழணும்."

ஒட்டு வேலை

இதைக் கேட்ட பிறகும் நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். தொழிலில் இருப்பவர்கள் யாரும் நல்லவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தேவியின் குரல் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து உட்காரும். வரிக்கு வரி மூச்சிரைப்பு வேறு. மூச்சை வெட்டினேன், சுருதியைத் தூக்கினேன், முன்னால் இழுத்துவைத்தேன். எவ்வளவு திருத்தினாலும் மற்ற இரண்டு பேரின் வழவழப்புக்குப் பக்கத்தில் அது துருத்திக்கொண்டு நின்றது. மெட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காக அதே நாலு வரியை பிரின்சி ஒரு தடவை பாடி வைத்திருந்தாள். அதை எடுத்துத் தேவியின் குரலுக்கு அடியில் லேசாக வைத்தேன். கொஞ்சம் ஏற்றினேன். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மூன்றாவது நாள் தேவியின் குரலை மொத்தமாக மூடிவிட்டிருந்தேன். பள்ளி ஆண்டுவிழாப் பாட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் செய்திருக்கிறேன், ஒரு பெற்றோரும் கண்டுபிடித்ததில்லை.

மூவருக்கும் போட்டுக் காட்டினேன். பிரின்சி கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். தன் குரல் அவளுக்குத் தெரியாதா. தேவியோ, மெஷினில் போட்டால் இப்படித்தான் அழகாக வரும்போல என்று நினைத்தாளாம், பிறகு சொன்னாள். அனிதா அவள் தோளைத் தட்டிச் சொன்னாள்: "செமடி தேவி, நீ இவ்ளோ நல்லா பாடுவன்னு எனக்கே தெரியாது."

ஹெட்போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவி அம்மாவை அழைத்து வந்தாள். செல்வி அம்மாள் நல்ல புடவை கட்டி, பூ வைத்து, செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு இரண்டுக்கும் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆரம்பித்தது. தேவி எதிரே சுவரில் சாய்ந்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு வரி வந்தது, போனது. தட்டுகிற விரல் நிற்கக்கூட இல்லை. பாட்டு முடிந்ததும் அம்மாள் ஹெட்போனைக் கவனமாகக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நல்லா கீதும்மா. எம் பொண்ணு எப்போ பாடும்?"

அழிக்காமல் விட்டது

கம்ப்யூட்டரில் போட்டால் குரல் கொஞ்சம் மாறும்மா என்று கூசாமல் புளுகினேன். அந்த அம்மாளும் தலையாட்டினார், படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் பிரின்சி, "அது தேவி இல்ல ஆன்ட்டி, நான் பாடினது," என்று போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தேவி அழவில்லை, சண்டை போடவில்லை. "என்னுது இருக்குதாக்கா, அழிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எதையும் அழிக்காத கஞ்சத்தனம் எனக்கு உண்டு, அன்று அது காப்பாற்றியது. மெத்தையில் ஆடிப் பாடின, திருத்தாத, வெட்டாத முதல் பதிவைத் தேடி எடுத்தேன். பிரின்சியின் குரலை மூடினேன். ஹெட்போனை மறுபடி மாட்டிவிட்டு ஓடவிட்டேன். முதல் வரியிலேயே செல்வி அம்மாள் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது, ஆனால் பேச்சு சாதாரணமாகத்தான் வந்தது: "இதான் எம் பொண்ணு. படியேறி வந்து வாசல்ல நின்னு இப்டித்தான் மூச்சு வாங்கிக்கினு பேசும்."

பேர்

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். மறுநாள், அந்தப் பதிவையே ஆல்பத்தில் வைக்கலாம் என்றதும் அனிதா கோபத்தில் குதித்தாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது; ஒரு வருஷ உழைப்பு. "டான்ஸ் பாட்டுக்கா இது. நாலு வரி பின்னாடி இழுத்தா ஆடறவ தடுக்கி விழுவா," என்றாள். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். திரும்பப் பாடவைக்கலாம் என்றேன். பாடவும் வைத்தோம், மூன்று நாள். தேவி அதே மயிரிழை பின்னால்தான் வந்து உட்கார்ந்தாள். அவள் உடம்பு அப்படி. காலை வைத்த பிறகுதான் வாய் திறக்கும்.

மூன்றாம் நாள் அவள் மெத்தையிலிருந்து இறங்கி, கொலுசை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பிரின்சியே பாடட்டும்க்கா. என் பேர மட்டும் எடுத்துடுங்க. பின்னாடி நின்னு ஆடறதுக்குப் பேரு இன்னாத்துக்கு?"

நின்ற தாளம்

அவள் போன பிறகு அந்த முதல் பதிவை எத்தனை தடவை கேட்டேனோ. பத்தொன்பது வருஷமாகக் குரலைத்தான் இழுத்து இழுத்துத் தாளத்தில் ஆணி அடித்திருக்கிறேன். தாளத்தை நகர்த்த எனக்குத் தோன்றியதே இல்லை, வெட்கக்கேடு. மூன்றாவது பாட்டில் அந்த நாலு வரிக்கு மட்டும் டிரம்ஸ் மொத்தத்தையும் எடுத்தேன். தேவி எங்கே காலை வைக்கிறாளோ அங்கே ஒரு கைத்தட்டல், அவ்வளவுதான். மூச்சை வெட்டவில்லை.

மூவரையும் கூப்பிட்டுப் போட்டேன். அனிதா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் எழுந்தாள். ஆடிப் பார்த்தாள், திரும்புகிற இடத்தில் தடுக்கினாள். மறுபடி போடச் சொன்னாள், மறுபடி தடுக்கினாள். மூன்றாம் தடவை அந்த இடத்தில் அரை நொடி நின்று, தேவியின் குரல் வந்து சேர்ந்த பிறகு திரும்பினாள். ஸ்டெப்பை மாற்றிக்கொள்ளலாம், பேர் இருக்கட்டும் என்றாள். பிரின்சி தேவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கண்ணாடியைத் துடைப்பதுபோல எழுந்து போனேன்.

எல்லோரும் கிளம்பினார்கள். தேவி மட்டும் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று படியேறித் திரும்பி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, என் காதோடு குனிந்து சொன்னாள்: "அந்த ரெண்டாவது வரில சுருதி கொஞ்சம் எறங்குதுல்ல? அத்த மட்டும் லைட்டா தூக்கி வுடுங்கக்கா, அம்மாவுக்குத் தெரியாம."

தூக்கினேனா இல்லையா என்பதை உங்களிடம்கூடச் சொல்லப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் என் திருட்டைப் பிடித்த ஒரே காது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறது, அதற்குப் பயந்துதான் இப்போது தொழில் செய்கிறேன்.