ரெஜினா ஆன்ட்டி அடிக்கச் சொன்ன எண்

திங்கட்கிழமை வந்த உறையில் எங்கள் முகவரி வேறு ஒருவர் கையெழுத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு ஒரு பதில் கார்டு வரும். நோயாளி எப்படி இருக்கிறார், ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தது, முடிவு என்ன என்று நிரப்பி, தபால்தலை இல்லாமலே திருப்பி அனுப்பலாம். முகவரியை, வீடு வீடாக வந்து நோயாளிகளை விசாரிக்கும் ரெஜினா ஆன்ட்டிதான் எழுதுவார். சந்தாபுரா என்ற எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போடுவார், தபால் எங்களைத் தாண்டி அடுத்த ஊரான ஆனேக்கலுக்குப் போய்விடக் கூடாது என்று. இந்த முறை கோடு இல்லை. உறைக்குள் கார்டோடு தட்டச்சு செய்த ஒரு தாளும் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்த ரெஜினா ஆன்ட்டி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றும், சனிக்கிழமை காலை மருத்துவமனையில் நினைவுக் கூட்டம் என்றும், அவரை அறிந்த குடும்பங்கள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரலாம் என்றும் இருந்தது. தெருவில் நின்றே மூன்று தடவை படித்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அவரை நான்கே தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, யாருக்கும் தெரியாமல்தான் எழுத முடிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நான் எட்டாவது படிக்கும்போது அவருக்கு வயிற்று வலி வந்து, வேறொரு நர்சிங் ஹோமில் பாதி இரைப்பையை எடுத்தார்கள். எடுத்த துண்டு சோதனைக்கு உங்களிடம் வந்தது. அது புற்றுநோய், ஆனால் ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்கள். அப்பாவிடம் அம்மா 'புண்' என்று சொல்லிவிட்டார். என் மாமாவுக்கும் இதே நோய்தான். டாக்டர் அவரிடம் சொன்ன நாளிலிருந்து அவர் சாப்பிடவே இல்லை என்பார் அம்மா. கார்டு ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருக்கும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதனால் கார்டு நிரப்பும் வேலை எனக்கு வந்தது. மேலே புற்றுநோய் மருத்துவமனை என்று அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "அப்பா மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு" என்றார். பண்ணினேன்.

முதல் கார்டையே நாங்கள் பயந்து அனுப்பாமல் வைத்திருந்தோம். அப்போதுதான் ரெஜினா ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். வெயிலில் வந்து முகம் சிவந்திருந்தது. தோளில் ஜோல்னாப் பை. அப்பா அன்று வீட்டில் இருந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எந்த ஆஸ்பத்திரி மேடம்?" என்று அப்பா கேட்டார்.

"உங்க வயித்துத் துண்டைப் பார்த்த ஆஸ்பத்திரி."

"வெட்டி எடுத்ததைக்கூட விடமாட்டீங்களா?"

"விடமாட்டோம் சார். ரேஷன் கார்டு மாதிரி அதுக்கும் ஒரு நம்பர் போட்டு வெச்சிருக்கோம்."

"அப்ப அதுக்கும் மாசாமாசம் சர்க்கரை வருதா?"

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் அம்மா கதவை விட்டார். அப்பா அவருக்குத் தன் சாப்பாட்டு டப்பாவைக் காட்டினார். பாதி வயிறு என்பதால் ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவார். பட்டறையில் இருப்பவர்கள், "ஏன் குரு, ஊட்டா மேலே ஊட்டானா?" என்று, சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடா என, கன்னடத்தில் கேலி செய்கிறார்களாம். "குழந்தைங்களும் ராஜாக்களும்தான் ஆறு தடவை சாப்பிடுவாங்க. நீங்க ராஜான்னு சொல்லிடுங்க" என்றார் ஆன்ட்டி. அப்பா இன்றும் அதைச் சொல்லிக்கொண்டுதான் டப்பாவைத் திறக்கிறார்.

வெளியே வந்ததும் அம்மா ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆன்ட்டி சொன்னது இதுதான்: "நான் பொய் சொல்ல மாட்டேங்க. ஆனா அவர் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்ல மாட்டேன். கேட்டுட்டா சொல்லிடுவேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

அதன் பிறகு இரண்டு முறை அப்பா என்னோடு நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்; ஆன்ட்டியும் அங்கே வந்திருந்தார். மூன்றாவது முறை, "புண்ணு ஆறி எவ்வளவு நாளாச்சு, இன்னும் எதுக்கு ஊசி?" என்று ஷிப்டுக்குப் போய்விட்டார். "நல்லா இருக்கார்னு எழுதிப் போட்டுடு" என்றார் அம்மா. ஆனால் கார்டில் எண் கேட்டிருந்தது. எண் இல்லாவிட்டால் ஆன்ட்டி மறுபடி வருவார், அப்பா கேள்வி கேட்பார் என்று பயந்தேன். போன தடவை ரத்தச் சோதனைச் சீட்டில் 2.4 என்று இருந்ததைப் பார்த்து அதையே எழுதி அனுப்பினேன். அடுத்த ஆறு மாதம் கழித்தும் அதே 2.4.

பத்து நாளில் ஆன்ட்டி என் பள்ளி வாசலில் நின்றிருந்தார். இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். ஓசூர் பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு கார்டையும் எடுத்துக் காட்டினார்.

"ரத்தம் இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காது கண்ணு. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மூணு தடவையும் 2.4னு உட்கார்ந்திருக்காது."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. பன்னைச் சாப்பிடச் சொன்னார். பிறகு, உங்கள் வேலை என்ன என்று எனக்குப் புரியும்படி சொன்னார். ஒரே அளவில், ஒரே மாதிரி ஆரம்பத்தில் பிடிபட்ட கட்டி இரண்டு பேருக்கு இருக்கும். ஒருவர் நன்றாக இருப்பார். இன்னொருவருக்குத் திரும்பி வந்துவிடும். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்க ரத்தத்திலோ வெட்டியெடுத்த துண்டிலோ ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். "கண்ணாடித் தட்டுல சாயம் போட்டுப் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும். மீதிக் கதை உங்க வீட்ல நடக்குது. அதுக்குத்தான் நான் பஸ் ஏறி வர்றேன்" என்றார்.

அப்போதுதான் ஆனேக்கல் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் 'நலம்' என்று கார்டு வந்துகொண்டே இருந்ததாம். நேரில் போனால், அவர் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "செத்துட்டார்னு எழுதினா கார்டு நின்னுடும். அவரை விசாரிக்க வேற யாரு இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டாராம். ஆன்ட்டி அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தி எழுதினார். ஆனால் அந்த அம்மாவுக்குக் கார்டு நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று தன் சொந்தக் கார்டில் எழுதி அனுப்பினார். அந்த அம்மாவின் முகவரி உங்களில் யாருக்காவது தெரிந்தால், அவருக்கும் செய்தி சொல்லுங்கள். அவர் காத்திருப்பார்.

"உன் 2.4ஐப் பார்த்துட்டு, சோதனைக்கு வராட்டியும் ஒண்ணும் ஆகாதுன்னு நாளைக்கு ஒரு டாக்டர் நினைச்சா? அவர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறது இன்னொரு பொண்ணோட அப்பா" என்றார். பேனாவை என் கையில் கொடுத்தார். இரண்டு எண்ணையும் அடித்து, பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதச் சொன்னார். "தெரியாதுங்கிறது தப்பு இல்ல. அதுவும் ஒரு பதில்தான். அதை வெச்சுக்கிட்டு வேலை செய்ய முடியும். பொய்ய வெச்சுக்கிட்டு முடியாது."

நான் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். சத்தியத்தை மீறினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் ராத்திரியெல்லாம் பயப்படுவதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் சிரிக்கவில்லை.

"எதுக்காகச் சத்தியம் பண்ணின?"

"அப்பா நல்லா இருக்கணும்னு."

"அப்ப அவரைச் சோதனைக்குக் கூட்டிட்டு வா. சத்தியம் எதுக்குப் பண்ணினியோ, அது அந்தச் சோதனைலதான் இருக்கு. அடுத்த கார்டு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. தனியா முடியலைன்னா நான் வந்து பக்கத்துல உட்கார்றேன்."

அடுத்த கார்டு வரட்டும், ஆன்ட்டி வரட்டும் என்று இருந்துவிட்டேன். கார்டு மட்டும் வந்தது.

ஆன்ட்டி இறந்ததைச் சொன்னபோது அப்பா டப்பாவை மூடி வைத்துவிட்டார். "நம்ம வயித்தைத் தேடி வந்த அம்மா. நாம போகாம வேற யாரு போறது?" என்றார். நாளைக்கு லீவு சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். உங்கள் வாசலில் புற்றுநோய் என்று எழுதிய பெரிய பலகை இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அப்பா கன்னடம் நன்றாகப் படிப்பார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "காலைல வயித்து வலின்னு படுத்துக்கோ. உன்ன விட்டுட்டு அவரு போக மாட்டாரு" என்றார். அம்மாவைத் தவறாக நினைக்காதீர்கள். அவர் தன் அண்ணனை அப்படித்தான் இழந்தார்.

நான் படுத்துக்கொள்ளப் போவதில்லை. அப்பா காலையில் முதல் தடவை கஞ்சி குடித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். அம்மாவையும் கூட உட்காரச் சொல்வேன். சொன்ன பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. அவர் சாப்பிடாமல் போய்விடுவாரா, என்னைத் திட்டுவாரா, கூட்டத்துக்கு வருவாரா, எதுவுமே தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியத்தைத்தான் ஆன்ட்டியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதுவும் அவருடையது என்னிடம் இல்லை.

இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால், அப்பா என் பக்கத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், ஒல்லியாக இருப்பார், கையில் டப்பா இருக்கும். கூட்டம் முடிந்ததும் ரத்தம் எடுக்கும் அறை எது என்று அவருக்குக் காட்டுங்கள். அவர் என்ன கேட்டாலும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.