கோலத்துக்குப் போன வேலை

எனக்கு வாய் நீளம். அம்மா சொன்னாள், கட்டிக்கொண்டவன் சொன்னான், மில்லில் மேஸ்திரியும் சொன்னார். கட்டிக்கொண்டவன் சொன்னதோடு நிற்கவில்லை. ஒருநாள் கொடைரோட்டில் ரயிலேறிப் போனவன் போனவன்தான். அதற்குப் பிறகுதான் கைக்குழந்தையோடு திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். ரீலிங் பிரிவில் வேலை. பாபினில் வரும் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தப் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். நாங்கள் கட்டிய சிட்டங்கள் சின்னாளபட்டித் தறிகளுக்குப் போகும்.

அந்த வேலை இல்லையென்றால் எனக்குப் போக்கிடம் எரியோட்டில் அண்ணன் வீடு. அண்ணன் தங்கமான மனிதர். அண்ணி வேறு மாதிரி. “ஒம் மக பள்ளிக்கூடம் போயி என்ன செய்யப் போறா? இங்க நாலு ஆடு கெடக்கு, பத்திட்டுப் போனா கஞ்சிக்காச்சும் ஆகும்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள். நான் சொல்லப்போவது நடந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. படிப்பில் கெட்டி. ஆகவே மில் வேலை என்பது எனக்குச் சோறு மட்டுமல்ல, அவளுடைய சிலேட்டும் அதுதான். இதெல்லாம் தெரிந்தும் ஒரு காரியம் செய்தேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஊரே இரண்டாகக் கிடந்தது. ஒரு பக்கம் ஆளும் கட்சி. இன்னொரு பக்கம் அதை இறக்கியே தீருவது என்று கிளம்பிய எங்கள் கட்சி. பெயரும் சின்னமும் எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எங்கள் முதலாளி ஆளும் கட்சிக்காரர். மில்லில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டரும் ஆளும் கட்சி. இந்தப் பிட்டர்தான் தொழிற்சங்கச் செயலாளர். என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். வேலைக்கு வரும்போதும் கதர்ச் சட்டை, அதில் கிரீஸ் கறை. அவருக்கும் எனக்கும் குழாயடியில் தினம் ஒரு பாட்டம் சண்டை நடக்கும்.

“ஏந் தாயி, ஒங்க தலைவரு நேத்து ஆரம்பிச்ச பேச்சு முடிஞ்சிருச்சா, இன்னும் ஓடுதா?” என்பார்.

“ஒங்க ஆளுக பேசவே வேணாம்ணே, அரிசிக் கடை வரிசையே பேசிருது” என்பேன்.

சுற்றியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் முகம் சிவந்து போகும். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூட இறங்கும். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது, அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது.

மில்லில் ஆயுத பூசை என்றால் தீபாவளிக்கு மேலே. முந்தின நாளே மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிடுவோம். ஆயுத பூசை அன்று ஒரு சக்கரம் ஓடாது. ஆபீசிலும் அப்படித்தான். பேனா, கணக்குப் புத்தகம், டைப் அடிக்கும் மிஷின் எல்லாம் பூசையில் இருக்கும். மறுநாள் மறுபூசை போட்டு எடுக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பிரிவு வாசலிலும் கோலம் போட்டு, எது அழகு என்று போட்டி வேறு நடக்கும். அந்த வருஷம் ரீலிங் வாசலில் கோலம் போடும் வேலை என்னிடம் வந்தது.

நாலு பக்கமும் தாமரை போட்டேன். நடுவில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. கையில் கலர்ப்பொடியும் மிச்சமிருந்தது. பக்கத்தில் நின்றவள், “என்னக்கா போடப் போறீக?” என்றாள். “பார்த்துக்கிட்டே இரு” என்று எங்கள் கட்சிச் சின்னத்தை அம்சமாகப் போட்டு முடித்தேன். அந்த நேரத்தில் எரியோடும் ஞாபகமில்லை, ஆடும் ஞாபகமில்லை. கொழுப்புத்தான், வேறென்ன சொல்ல?

மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அடிப் பாவி மகளே, முதலாளி கட்சிப் பெரியவரக் கூட்டிக்கிட்டு வாராருடி!” என்றவர், வாசல் கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். அந்த அம்மா அசையவில்லை. “வெளக்குமாறும் பூசையிலதான் இருக்கு சாமி. சாமிக்கு முன்னால போட்ட கோலத்த நான் அழிக்க மாட்டேன், ஆமா” என்றுவிட்டது. மேஸ்திரிக்கும் காலால் அழிக்கத் துணிவு வரவில்லை. அப்புறம் முதலாளி வந்தார், கூடவே அந்தப் பெரியவரும் வந்தார். பெரியவர் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். “என்ன முதலாளி, ஒங்க மில்லுக்குள்ளேயே அவுங்க வந்துட்டாங்க போல?” என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். முதலாளி சிரிக்கவில்லை.

மறுபூசை முடிந்த அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போனால், கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்தி ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு மூன்று தாள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. “உள்ள விட வேணாம்னு உத்தரவும்மா” என்றார் பாவம், தலையைக் குனிந்துகொண்டு.

நேரே எங்கள் கட்சிக் கிளைக்குப் போனேன். படித்தவர்கள் இருந்தார்கள். மேல் தாளை மட்டும் படித்துவிட்டு, வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கும், அதற்குப் பிறகு நீக்கிவிடுவார்கள் என்றார்கள். இரண்டு நாளில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேடையில் என்னை ஏற்றி, ரோஜா மாலை போட்டு, வீரப் பெண்மணி என்றார்கள், கை தட்டினார்கள். மைக் செட்டை இறக்கியதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். விசாரணைக்கு யார் கூட வருவது என்று கேட்டேன். தேர்தல் வேலை இருக்கிறதே என்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, ரோஜா மாலை நல்ல மாலைதான். அதை வைத்து என்ன செய்ய? எரியோட்டிலிருந்து அண்ணன் வந்து, “சாமான கட்டு தாயி, வண்டி கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? அந்தப் பிட்டர்!

“நீ போட்ட கோலத்தப் பார்த்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அத மொதல்ல சொல்லிப்புடுறேன்” என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ஆனா கோலத்துக்காக ஒருத்தி வேலையப் புடுங்குனா, நாளைக்கு எங் கதர்ச் சட்டைக்கும் புடுங்குவாங்க. அந்தக் காகிதத்தக் கொண்டா.”

அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுக்கப் படித்தார். பிறகு, “நீ மானேஜர வஞ்சியா?” என்று கேட்டார்.

“எப்ப?”

“ஆயுத பூசை அன்னைக்கு. வேலை நேரத்துல கட்சிப் பிரச்சாரம் பண்ணுனன்னு மெமோ அடிச்சு, அன்னைக்கே ஒங்கிட்டக் குடுத்தாகளாம். வாங்க மாட்டேன்னு மானேஜரக் கண்டபடி வஞ்சியாம். அப்படித்தான் எழுதியிருக்கு. அந்த மெமோவையும் கூட வெச்சிருக்காக, அதுல அன்னைக்குத் தேதிதான்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “வஞ்சிருந்தா வஞ்சேன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கென்ன பயமா? அன்னைக்கு மானேஜர் மூஞ்சியவே நான் பார்க்கலண்ணே. இந்தக் காயிதம் ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டுலதான் வந்துச்சு.”

அவர் விவரமாகச் சொன்னார். கோலம் ஒன்றுக்காக வேலையை விட்டு நீக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மானேஜருக்குத் தெரியும். மேலதிகாரியை வைதாள், மெமோ வாங்க மறுத்தாள் என்றால் நீக்கலாம். அதற்காகத்தான் தேதியை முன்னால் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “விசாரணையில ஒங்கூட நான் உக்காருவேன். ஆனா நீ வாயத் தொறந்த, எந்திரிச்சுப் போயிருவேன்” என்றார். தலையாட்டினேன். வேறு வழி?

விசாரணை ஆபீஸ் அறையில் நடந்தது. அதிகாரியாக மதுரையிலிருந்து ஒரு வக்கீலை முதலாளியே வரவழைத்திருந்தார். அவர் வரவழைத்த ஆள் நமக்கு என்ன நியாயம் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் வைதேன் என்று மானேஜர் சொன்னார், மேஸ்திரியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அதையே சொன்னார். பிட்டர் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. “டைப்பிஸ்டைக் கூப்பிடணும்” என்றார். எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை, எனக்கும்தான்.

டைப்பிஸ்ட் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி. முதலாளி சொல்லைத் தட்டாதவர். வம்புதும்புக்குப் போக மாட்டார்.

“ஆயுத பூசை அன்னைக்கு ஒங்க டைப் மிஷின் எங்க இருந்துச்சு?” என்று பிட்டர் கேட்டார்.

“பூசையில இருந்துச்சுங்க. சந்தனம் வெச்சு, மாலை போட்டு, நானேதான் வெச்சனுங்க.”

“அன்னைக்கு மத்தியானம் அதுல இந்த மெமோவ அடிச்சீங்கள்ல?”

டைப்பிஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “ஏனுங்க, இதென்னங்க பேச்சு? பூசையில வெச்ச மிஷின்ல கை வெப்பனாங்க நான்? இந்த வேலைக்கு வந்த நாளா ஒரு வருசம்கூட அப்படிச் செஞ்சதில்லீங்க! மறுபூசை போட்டு எடுத்ததுக்கப்புறம்தானுங்க அடிச்சேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மானேஜரைப் பார்த்தார். மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் பேனாவை நிறுத்தி, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அன்னைக்கு அடிக்கவே இல்லையா?” என்றார். டைப்பிஸ்டுக்கும் பிள்ளை குட்டி இருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். கண்ணை மூடி, “சாமி விசயத்துல பொய் சொல்ல மாட்டனுங்க” என்றார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

“அன்னைக்கு அடிக்காத மெமோவ அன்னைக்கே வாங்க மாட்டேன்னு எப்படி வஞ்சிருப்பா? ஒரு சக்கரமும் ஓடாத நாள்ல வேலை நேரம் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் பிட்டர் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் குற்றச்சாட்டு எதுவும் நிரூபணமாகவில்லை என்றே எழுதினார். முதலாளி வரவழைத்த ஆள்தான், ஆனாலும் கண்ணால் பார்த்ததை எழுதினார். அந்தப் புண்ணியவானை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. முதலாளியும் கோபக்காரர்தான் என்றாலும் எழுதியதை மீறவில்லை. அந்த வாரமே என்னை உள்ளே விட்டார்கள். அண்ணன் வண்டி கொண்டுவந்தார். வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினேன்.

பிட்டருக்கு நன்றி சொல்லப் போனால், “போ போ, பாபின் காத்துக் கெடக்கு” என்றார். அடுத்த நாளே குழாயடியில் சண்டை. விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அந்த மில்லில் அப்புறம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மகள் பள்ளியிறுதி முடித்து, காந்திகிராமத்தில் போய்ப் படித்து, இன்றைக்கு நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். குழாயடியில் சிவந்த அந்த முகத்துக்கு நான் பட்ட கடனை எந்தக் காலத்திலும் தீர்க்க முடியாது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் ஆனது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு சட்டசபைத் தேர்தல் வந்தது. எங்கள் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனேன். ஒரு தெருவில் கதவைத் தட்டினால், திறந்தது பிட்டரின் மனைவி. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தது. நான் குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னது: “முனிசிபாலிட்டித் தேர்தல்ல இவுகளைத்தான் வார்டுக்கு நிறுத்தறதா இருந்தாக. எதிர்க்கட்சிக்காரிக்காக முதலாளிய எதுத்து உக்காந்தான்னு சொல்லிப் பேர அடிச்சுப்புட்டாக. கட்சியில இருந்த பொறுப்பையும் புடுங்கிட்டாக. சின்ன வயசுலேருந்து அந்தக் கட்சியே கதின்னு கெடந்த மனுசன், ஒரு வாரம் சரியாச் சாப்புடல தாயி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை நாளும் குழாயடியில் நின்று அவர் கட்சியைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறேன். ஒருநாளாவது ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனுஷர்?

உள்ளேயிருந்து அவர் வந்தார். “ஒனக்கு வேற பேச்சே கெடைக்கலையா?” என்று மனைவியை அதட்டினார். நான் அவர் காலில் விழப் போனேன். சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

“இந்த வீட்டு ஓட்டு எங்க கட்சிக்குத்தான். அதுல மாத்தமில்ல. அடுத்த வீட்டுல மூணு ஓட்டு இருக்கு, ஒங்க பக்கம் சாயுற ஆளுக. வெயில் ஏறுறதுக்குள்ள போயிக் கேளு, போ.”

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு சின்னப் பெண் திறந்து, “ஏங்க்கா அழுகுறீக?” என்றாள். கையில் நோட்டீஸ் இருந்தது. நீட்டத் தோன்றவில்லை. “பக்கத்து வீட்டு அண்ணன் நூறு வருசம் நல்லா இருக்கணும்” என்று மட்டும் சொன்னேன். நான் எந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வந்தேன் என்று அவளுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.