தாமரைப் பூ வைத்து மறைக்கச் சொன்ன முகம்

2003-ஆம் வருஷம் என்று ஞாபகம். உத்திரமேரூர் பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். 'பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் வருமா?' என்று கேட்டவர்கள் வீட்டுக் கேசட்டையும் நான்தான் வெட்டி ஒட்டினேன்.

திருமுக்கூடல் கோயிலில் நடந்த ஒரு கல்யாணம். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். மாலை மாற்றுவதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. சரியாகத் தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறார்கள். கிளீனர் கேசட் போட்டேன். வேறு கேமராவில் ஓட்டினேன். எடுத்த கேமராவிலேயே மறுபடியும் ஓட்டினேன். ம்ஹூம். படம் பிடிக்கும்போதே, கேமராவுக்குள் டேப்பைத் தொட்டுப் பதிகிற ஹெட்டில் தூசி அடைத்து, பதிவே ஆகவில்லை.

நல்லவேளை, பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்திய இரண்டாவது கேமராவில் தாலி கட்டுவது முழுசாக இருந்தது. கூடவே பெண்ணின் அம்மாவும் இருந்தார். கணவரை இழந்தவர் என்று அவரைத் தூண் மறைவில் நிற்க வைத்திருக்கிறார்கள். கெட்டிமேளம் கேட்டதும் மனசு கேட்காமல் முன்னால் வந்து அட்சதை போட்டிருக்கிறார். மணமக்களுக்குப் பின்னால், இருவருக்கும் நடுவே, அழுதுகொண்டே சிரிக்கிற முகம்.

வீடியோ பார்க்க வந்த, மாப்பிள்ளையின் தாய்மாமா கொதித்துவிட்டார். "இன்னாமா இது? தாலி கட்ற நேரத்துல அந்தம்மா நடுவுல நிக்குது! அத்த மொதல்ல தூக்கு."

"தூக்கினா தாலியும் போயிடும் சார். வேற ஷாட் இல்ல."

முதலாளி கையைப் பிசைந்தார். படத்தைப் பெரிதாக்கித் தாலியை மட்டும் காட்டச் சொன்னார். எல்லாமே களியாகக் குழைந்தது. "சுத்துற தாமரப் பூ கீதே, அத்த அந்தம்மா மூஞ்சி மேல வெச்சுடு" என்றார். கல்யாண வீடியோவுக்கென்றே கம்ப்யூட்டரில் இருக்கும் கிராபிக்ஸ் பூ. வைத்தேன். பூவுக்குள்ளிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து அட்சதை தூவின. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரில் தூணுக்குப் பின்னால் ஒளித்தது போதாதா, நான் வேறு ஒளிக்க வேண்டுமா?

பூவை அழித்தேன். "நான் மறைக்க மாட்டேண்ணா. பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிடுங்க, அவங்க சொல்லட்டும்."

"பேஜார் ஆச்சுன்னா உன் வேலதான் போவும்" என்றார் முதலாளி.

"போகட்டும்" என்றேன். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை தாய்மாமாவோடு இருவரும் வந்தார்கள். நான் அந்த ஷாட்டைப் போட்டேன். பெண் மானிட்டரை நெருங்கி வந்தாள். தலை குனிந்து தாலி வாங்கிக்கொண்டவள் பின்னால் யார் நின்றார்கள் என்று பார்க்கவே இல்லையாம்.

"எங்கம்மா எட்டத்துல நின்னுக்கினு இருந்துச்சுன்னு நெனச்சேனே... என் பின்னாலயா வந்துச்சு?"

தாய்மாமா வாய் திறந்தார். அவள் விடவில்லை. "இது இல்லன்னா எனக்கு இந்த கேசட்டே வாணாம்." மாப்பிள்ளை அவரைப் பார்த்து, "வுடு மாமா, இருக்கட்டும்" என்றார்.

என் வேலை போகவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு, யாரையும் கேட்காமல், அந்த அம்மா முன்னால் வரும் இடத்தை ஸ்லோமோஷனில் போட்டேன். இன்றைக்கும் ஒருவரை வெட்டித் தூக்கச் சொன்னால், ஏன் என்று கேட்கிறேன். பதில் நியாயமாக இல்லாவிட்டால் என் கை கத்தரிக்குப் போவதில்லை, ஸ்லோமோஷனுக்குத்தான் போகிறது.