கேபிள் எட்டாத இடம்

"என் கேபிள் எட்டாத இடத்துல எனக்கு எந்த வேலையும் கிடையாது. இறங்கி வந்து வாசிக்க நான் என்ன ஐஸ் வண்டியா? பாட்டு வேணும்னா அவனவன் மேடைகிட்ட வரட்டும்."

சான் பெத்ரோ திருவிழாவில், அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கி எலூத்தேரியோ போமா வெளியிட்ட பிரகடனம் இது. சாட்சிக்கு ஊரே இருக்கிறது.

போமா எங்கள் 'மாந்தாரோ மின்னல்கள்' கும்பியா ஆட்டப்பாட்டுக் குழுவின் முதல் கிட்டார். வார நாட்களில் சுப்பாக்கா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பஞ்சர் ஒட்டுவார். திருவிழா என்றால் ஊதா நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, லாரி முதுகில் கட்டிய மேடையின் வலது ஓரத்தில் நிற்பார். அவர் கிட்டாரிலிருந்து ஆம்ப் பெட்டிவரை தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று ஓடும். அதை அவர் தவிர வேறு யாரும் சுருட்டக் கூடாது. மற்றவர்கள் சுருட்டினால் முறுக்கு விழுந்து இசையும் முறுக்கிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி எங்கள் ஊரில் அப்போது இல்லை.

அவர் மனைவி நெலிதா மைதானத்தின் மறுகோடியில் அந்திகூச்சோ சுடுவாள். மாட்டின் இதயத்தைத் துண்டு போட்டு, மிளகாய் விழுதில் ஊறவைத்து, குச்சியில் கோத்துச் சுட்டு, நுனியில் ஒரு உருளைக்கிழங்கைக் குத்திக் கொடுப்பாள். கடை அவ்வளவு தள்ளிப் போனதற்கும் போமாதான் காரணம். புகை பட்டால் கிட்டார் கம்பிகள் பிசுபிசுக்கும் என்று பல வருடங்களுக்கு முன்பே அவர்தான் அடுப்பை அங்கே துரத்தினார்.

அந்தப் பிரகடனத்துக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் இரண்டாவது கிட்டாராக யோனெல் வந்து சேர்ந்தான். ஒல்லி, சுருட்டை முடி, எப்போதும் பசி. லிமாவிலிருந்து அவன் மச்சான் வாங்கிவந்த ஒயர்லெஸ் ஒன்று அவனிடம் இருந்தது. சோப்புக்கட்டி அளவில் இரண்டு துண்டுகள். ஒன்று கிட்டாரில், இன்னொன்று ஆம்பில். நடுவில் காற்று மட்டும்.

முதல் நாளே, தனி வாசிப்பு வந்ததும் யோனெல் மேடையிலிருந்து குதித்தான். ஆடுகிறவர்களுக்குள் நுழைந்தான். பீர்ப் பெட்டிகளைச் சுற்றினான். வாசித்துக்கொண்டே நேராக நெலிதாவின் கடை முன்னால் போய் நின்று, கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது மனிதன் வேறு என்ன செய்வான்? நெலிதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு துண்டு இதயத்தைக் குச்சியிலிருந்து உருவி, ஊதி, அவன் வாயில் போட்டாள்; பின்னாலேயே கிழங்கும் போனது.

போமா மேடை விளிம்புவரை வந்தார். கேபிள் விறைத்து அவரை நிறுத்தியது.

அன்று இரவு போமா வீட்டில் நடந்த விசாரணை பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது.

"அவனுக்கு எத்தனை கிழங்கு?"

"எவனுக்கு?"

"அதான், அந்த சோப்புக்கட்டிக்கு."

"ரெண்டு. சின்னதா இருந்துச்சு, ரெண்டா குத்தினேன்."

"எனக்கு என்னிக்காவது ரெண்டு குத்தியிருக்கியா?"

"நீ என்னிக்காவது கடைக்கு வந்திருக்கியா போமா? பாட்டு முடிஞ்சு, சாமான் எல்லாம் ஏத்தி, பீர் குடிச்சு, அப்புறம் வருவ. அப்ப கரிதான் மிச்சம் இருக்கும்."

இதைப் பொறாமை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் இல்லை. ஒரு கலைஞர் தொழில்நுட்பத்தின் மீது கொண்ட நியாயமான அக்கறை அது. அந்த அக்கறையால்தான் அவர் ஒவ்வொரு திருவிழாவிலும் யோனெலின் பேட்டரி எப்போது சாகும் என்று கண்கொட்டாமல் பார்த்தார். "காத்துல வர்ற சத்தம் கொஞ்சம் தாமதமா வருது," என்று எங்களிடம் சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை என்றோம். "உங்க காதும் ஒயர்லெஸ்ஸா?" என்று கேட்டார். அவர் தினமும் ஆண்டவரிடம் மன்றாடியும் பேட்டரி சாகவில்லை.

கடைசியில் பிரகடனத்தை மீறாமலே பிரகடனத்தைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார். கேபிள் எட்டாத இடத்தில்தானே வேலை இல்லை? எட்டவைத்துவிட்டால்? ஊரிலிருந்த பழைய கேபிள்களையெல்லாம் இரவல் வாங்கி, முனைகளை முறுக்கி, பஞ்சர்க் கடை டேப்பைச் சுற்றி ஒட்டினார். மேடையின் மேல் அது மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

சந்தியாகோ திருவிழா மத்தியானம். முதல் கிட்டாரின் தனி வாசிப்பு. போமா இறங்கினார். ஊரே திரும்பிப் பார்த்தது. கேபிள் பின்னாலேயே ஊர்ந்தது. ஆடிய பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். ஒருத்தி கேட்டாள், "மாஸ்டர், இதுல துணி காயப்போடலாமா?" அவர் காதில் வாங்கவில்லை. கடை தெரிந்தது, புகை தெரிந்தது, சோள மட்டையால் இறைச்சிக்கு எண்ணெய் தடவும் கை தெரிந்தது.

நடுவில் மணமகன் வீட்டார் மாதிரி விறைப்பாக நின்றது கால்நடைத் தரகர்களின் குடிவட்டம். ஒரே டம்ளர், கைமாறி வரும். குடித்தவர் அடியில் தங்கிய நுரையைத் தரையில் உதறிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. பூமிக்கும் தாகம் இருக்கிறது. போமாவும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் உதறிவந்திருக்கிறார். ஆனால் கேபிளை ஒட்டிய நாளில் அது ஞாபகம் வரவில்லை. தரகர் டம்ளரை உதறினார். நுரை நேராக டேப் சுற்றிய இணைப்பில் விழுந்தது.

மைதானம் முழுக்க ஒரு காளை கத்தியது போல ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

போமா வாசித்துக்கொண்டே இருந்தார். கொசு பாடுகிற அளவுக்குச் சத்தம் வந்தது. மேடையிலிருந்து யோனெல் அந்த ராகத்தை விட்ட இடத்தில் பிடித்து, ஒரு தட்டும் தவறாமல் முடித்தான். ஊர் கைதட்டியது. ஒருவனைக் காப்பாற்றுவதைவிடக் கொடுமையாக அவனைப் பழிவாங்க முடியாது. யோனெலுக்கு அது தெரியாது, பாவம்.

ஊமைக் கிட்டாரோடு போமா கடைக்கு நடந்தார்.

"வந்துட்டியா?" என்றாள் நெலிதா. "அந்தக் கயித்த இழுக்காத, தட்டு விழுந்துரும்."

"அவன் வந்தா சிரிக்கிற."

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குறான், சிரிக்காம? அவன் எனக்காகவா வர்றான், பசிக்கு வர்றான். நீ எதுக்கு வந்த?"

போமா குனிந்து கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார். நெலிதா அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

அடுத்த திருவிழாவில், மேடை ஏறுவதற்கு முன் போமா யோனெலைத் தனியாக அழைத்தார்.

"அந்த சோப்புக்கட்டி ரெண்டையும் குடு. கெட்டுப்போச்சான்னு பாக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்."

"அத நான் சொல்லணும்."

"அப்ப நான் எதுல வாசிக்கிறது?"

"என் கேபிளை எடுத்துக்க. நல்ல கேபிள். மேடையிலயே நில்லு."

மூன்றாவது பாட்டின் நடுவே முதல் கிட்டார் ஆம்பிலிருந்து இனிமையாக ஒலித்தது. வலது ஓரத்தில் ஆள் இல்லை. கேபிளில் கட்டுண்ட யோனெல் மேடை விளிம்புவரை வந்து, பசியோடு மைதானத்தின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே புகைக்கு நடுவில், ஊதாச் சட்டை போட்ட ஒருவர் கிட்டார் வாசித்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றார். நெலிதா குச்சியின் நுனியிலிருந்து முதலில் கிழங்கை எடுத்து ஊதினாள்.