சூடம் அணைக்காத கை

தருமண்ணனின் மகன் போன் செய்தபோது நான் அஸர் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன். "அப்பா போயிட்டாரு பாய்" என்றான். குரல் உடையவில்லை. அவர் மூச்சுக்குத் திணறியதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன். நான்தான் தொழுகையின் நடுவில் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொழுதேன்.

தருமராஜை அறிந்தவர்களே, உங்களில் சிலருக்கு அவர் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் சாமி இல்லை என்று சொல்லித் திரிந்த மேஸ்திரி. வடமதுரைப் பக்கத்து ஆட்களுக்கோ, கருப்பு கோயிலில் சூடம் அணைக்க மறுத்த குற்றவாளி. இதை எழுதுவது முக்கியமாக அந்தப் பக்கத்து ஆட்களுக்காக.

அதே தோல் ஷாப்பில் நான் ஸ்டோர் கீப்பர். எங்கள் இருவருக்கும் தினமும் டீயோடு ஒரு சண்டை உண்டு. "உங்க அல்லா ரெண்டு நாளு லீவு போட்டா நீங்க என்னென்ன செய்வீங்க பாய்?" என்று ஒருநாள் சீண்டினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க புத்தி லீவு போட்டா நீங்க என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். கடை அதிரச் சிரித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "அதுக்குத்தான் பாய் தினம் பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். நோன்பு மாதத்தில் மட்டும் எங்கள் டீச் சண்டை நின்றுவிடும். என் முன்னால் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சாயங்காலம் தூக்குவாளியோடு வந்து நோன்புக் கஞ்சியை உரிமையாகக் கேட்டு வாங்கிப் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. சின்னராசு என்ற தொழிலாளி உள்ளே இறங்கினான். எங்கள் தொழிலில் யார் இறங்குவார் என்று யாரும் கேட்பதில்லை, அது பிறந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. விஷவாயு அடித்து அவன் மேலே வரவே இல்லை. நான் திரும்பி வந்தபோது அவனைத் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். தருமண்ணன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்திலிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவனாகவே இறங்கினான் என்று மேனேஜர் போலீசில் சொன்னார். சின்னராசுவின் மனைவி பேச்சியம்மாள் அதை நம்பவில்லை. போலீசையும் நம்பவில்லை. அந்த நேரத்தில் தொட்டிப் பக்கம் நின்ற இரண்டு பேரும், மேனேஜரும் மேஸ்திரியும், தன் ஊர்க் கருப்பு கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கேட்டாள். எரியும் சூடத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னால் காவல்தெய்வமான கருப்பு, குடும்பத்தோடு அழித்துவிடும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. தருமண்ணனுக்குத் துணையாக நானும் போனேன்.

மேனேஜர் குளித்து, விபூதி பூசி வந்திருந்தார். சட்டையைக் கழற்றினார். "நான் இறங்கச் சொல்லல" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை அமுக்கி அணைத்தார். பூசாரி இன்னொரு சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். தருமண்ணன் அதன் பக்கமே போகாமல் பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றார்.

"நான் அணைக்க மாட்டேன் தாயி. எனக்கு இது வெறும் நெருப்பு. இதுல கைய வச்சு உன்னைய நம்ப வச்சேன்னா, உன் நம்பிக்கைய வச்சே உன்னைய ஏமாத்துனதாயிரும்."

"அப்ப நீதேன் இறங்கச் சொன்னியா?"

"சொன்னது இவரு. வண்டிய வரச் சொல்லி உறிஞ்சிக்கலாம்னு நான் சொன்னேன். ஒரு நிமிஷ வேலைன்னாரு. அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல. தடுக்காம நின்னேன். அந்தப் பாவத்துக்கு எந்தச் சூடத்த அணைக்க?"

அவர் சொன்னது எதுவும் அங்கே யார் காதிலும் ஏறவில்லை. அணைக்காத சூடம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எரிந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். "நீ வெளங்க மாட்டே! மூச்சு முட்டித்தேன் சாவே!" என்றாள். கண்ணில் விழுந்த மண்ணைத் துடைக்காமல் நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "செத்த நேரம் கைய நெருப்புல வச்சா என்ன கொறஞ்சு போயிருவீங்க? நீங்க சொல்றது உண்மைதானே!" என்று கத்தினேன்.

"அவரு சாமிய நம்புறவரு பாய். நம்பிக்கிட்டே பொய் சொல்லிட்டாரு" என்றார்.

"அது அந்த ஆளோட குத்தம். சாமி குத்தமா?"

"இல்லதான். ஆனா அவருக்குப் பரிகாரம் இருக்கு. எங்கயாவது போயி எறக்கி வச்சுருவாரு. எனக்கு அந்த வசதி இல்ல."

அவர் சொன்னபடியே நடந்தது. மேனேஜர் அந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்குச் செருப்பில்லாமல் நடந்து போனார், மொட்டை போட்டு, முகம் தெளிந்து வந்தார். பஞ்சாமிர்தம் எல்லோருக்கும் கொடுத்தார். தருமண்ணன் நீதிமன்றத்திலும் கடவுள் பெயரால் இல்லாமல், மனசாட்சிப்படி உறுதி சொல்லிச் சாட்சி சொன்னார். கோயிலிலேயே சத்தியம் செய்ய அஞ்சிய ஆள் என்று எதிர்தரப்பு வக்கீல் அவரைக் குடைந்தெடுத்தார். வழக்கு நிற்கவில்லை. மேனேஜர் கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார்.

கோயிலிலிருந்து வந்த மறுநாளே தருமண்ணன் ஒரு கனமான பூட்டு வாங்கிவந்து தொட்டி மூடியில் போட்டார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். "சாமி கும்பிடாத ஆளுக்குத் தாயத்து எதுக்கு?" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது என் புத்தி லீவு போடாம இருக்கிறதுக்கு" என்றார். அதன் பிறகு எத்தனை தடவை அடைத்தாலும் வண்டி வந்து உறிஞ்சும் வரை மூடி திறக்கவில்லை. வேலை நின்றது, முதலாளி திட்டினார், வண்டி வந்தது. எவனும் உள்ளே இறங்கவில்லை.

தருமண்ணனை எரித்த மின்மயானத்துக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தாள். சடங்கு எதுவும் இல்லை. எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள்.

"மூச்சு முட்டித்தேன் செத்தாராமே பாய்?"

பதினாறு வயதிலிருந்து சுண்ணாம்புத் தூளையும் தோல் கெமிக்கலையும் சுவாசித்த நுரையீரல் அது என்று சொன்னேன். அவள் கேட்டது அதை அல்ல.

"இப்பவாச்சும் சொல்லுங்க. கருப்பு கேட்டுருச்சுல்ல? அவருதேன இறங்கச் சொன்னது?"

"அல்லா மேல ஆணையா அவரு இல்ல தாயி" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அன்னைக்கு அங்கன இல்லையே பாய்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். என்னிடம் இருந்தவற்றிலேயே பெரிய ஆணையைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு அது வெறும் சொல், ஒரு பிரயோஜனமும் இல்லை. தருமண்ணன் அன்று கோயிலில் என்ன சொன்னார் என்பது எனக்கு அந்த வெயிலில் நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது.

அவர் மகன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். போன வாரம் தொட்டி மறுபடி அடைத்துக்கொண்டது. வண்டி வர மறுநாள் ஆகும் என்றார்கள். புதிய மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். "சாவியக் குடுங்க பாய், ஒரு நிமிஷ வேலை" என்றார். பக்கத்தில் ஒரு தொழிலாளி சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

தர மாட்டேன் என்றேன். வேலை போகும் என்றார். போகட்டும் என்றேன். மறுமையில் கேள்வி உண்டு என்ற பயத்தில் சொன்னேனா, தருமண்ணன் கேட்பாரே என்று சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் சண்டை போட்டிருப்போம். அந்தத் தொழிலாளி சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாவி ஒன்றைத்தான். இடுப்பு பெல்ட்டில் கோத்திருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் தொழுகையில் குனியும்போது அது வயிற்றில் குத்துகிறது.